பதினொன்றாம் படுக்கையின் வயிற்றுவலி

திங்கள்

காலையிலேயே சாரல். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம். வார்டு முழுக்க ஈரக்கால் தடம், மூன்று முறை துடைத்தேன். ஃபினாயில் தீர்ந்தது, கேட்க வேண்டும்.

பதினொன்றாம் படுக்கை: சுபா. பதினேழு வயது, புளியங்குடி. சாகப் பார்த்துப் பிழைத்த பிள்ளை. எல்லாருக்கும் தெரியும். கேஸ் ஷீட்டில் மட்டும் வயிற்றுவலி. அவள் அப்பா கெஞ்சி எழுத வைத்தார்.

"பொம்பளப் பிள்ள பாருங்க சிஸ்டர். வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

ஆண்கள் வார்டில் ஒருவர், ஐம்பது வயது, இதே காரியம். அவருக்கு உள்ளதை உள்ளபடி எழுதியாச்சு. ஆம்பளைக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாக்கும்!

செவ்வாய்

மேலிடத்திலிருந்து ஒரு தாள். இந்த மாதிரி கேஸ் ஊருக்கு எத்தனை, என்ன வயது, ஆணா பெண்ணா. ஜெபா சிஸ்டர் நிரப்பினார். இளம்பெண்கள் கட்டத்தில் எல்லாம் முட்டை. செங்கோட்டையில் ஒருத்திகூட இல்லை.

"செங்கோட்டைப் பிள்ளைகளுக்குக் கவலையே கிடையாதோ? நானும் அங்கன குடி போயிருதேன் சிஸ்டர்."

"சும்மா இரிங்க பேச்சியக்கா. அவங்க மலை தாண்டி கேரளாவுல கொண்டு சேக்குதாங்க. இங்கன தெரிஞ்ச முகம் இருக்கும்லா."

சிரிப்பு வரவில்லை. மனநல டாக்டர் வியாழன்தோறும் வருகிறார். உண்மையை எழுதினால்தான் அவரிடம் அனுப்புவார்கள். வயிற்றுவலிக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ், பிறகு வீடு.

போன வருஷம் ஒரு தாய்க்கு, வயிற்றுவலி என்று எழுதச் சொல்லுங்கள் என்று யோசனை சொன்னதே நான்தான். நல்லது செய்கிறேன் என்று நினைப்பு. மூன்றே மாதத்தில் அந்தப் பிள்ளை திரும்ப வந்தது. அப்போதும் வயிற்றுவலி. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புதன்

சுபாவுக்குத் தலை சீவினேன். "ஏட்டி, இது தலையா, காக்காக் கூடா?" சிரித்தாள். உடனே அழுகை.

"சனிக்கிழம ஐந்தருவிக்கு வருதாங்க அத்தே."

மாப்பிள்ளை வீடு. அருவியில் குளிக்க வந்ததுபோல வந்து பெண் பார்ப்பார்களாம். இவளுக்குக் காலேஜ் போக ஆசை. சொன்னதற்கு அடி.

"நாளைக்கு அப்பா கூட்டிட்டுப் போயிருவாங்க."

"நாளைக்கு டாக்டர் வருதாரு. பேசுதியாட்டி?"

சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக்கொண்டே, "பேசுதேன்."

வியாழன்

அப்பா ஒன்பதுக்கே வேனோடு. டாக்டர் பத்துக்குத்தான். வார்டு வாசலில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக் கவிழ்த்தேன்.

"அண்ணாச்சி, நில்லுங்க. வழுக்கி விழுந்தா உங்களுக்கும் வயித்துவலின்னு எழுதிருவாங்க."

முறைத்தார். ஆனால் நின்றார். ஒரு மணி நேரம் அதே இடத்தைத் துடைத்தேன். டாக்டர் தலை தெரிந்ததும் பின்வாசல் வழியாக சுபாவைக் கூட்டிப் போனேன்.

"வயித்துவலியாம்மா?"

"இல்ல டாக்டர்."

கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே அப்பா ஒரே கத்தல். "எம் பிள்ளைக்குப் பைத்தியப் பட்டம் கட்டுதியா?"

"உசுரோட இருக்குல்லா. அதுக்கு முதல்ல சந்தோசப்படுங்க."

பெஞ்சில் உட்கார்ந்தார். பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது.

டாக்டர் சொல்லிவிட்டார், அடுத்த வாரம் வரை இங்கேதான். ஐந்தருவி கிடையாது. சுபா இரண்டு இட்லி தின்றாள்.

ஜெபா சிஸ்டர் தாளில் முட்டையை அடித்தார். பெண், பதினேழு, புளியங்குடி: ஒன்று.

போன வருஷத்துப் பிள்ளைக்கும் ஒன்று போடச் சொன்னேன். முடியாதாம். அது பழைய தாளாம்.