தூர்வாரப்படும்

பங்குனி 20, வெள்ளி
காலை எட்டு மணிக்கே அனல். குக்கருக்கு கேஸ்கெட் வாங்க வேண்டும். டியூஷன் பிள்ளைகளின் விடைத்தாள் பாக்கி.

வேட்பாளரின் பசுவந்தனைப் பேச்சை எழுதி, கோவில்பட்டியில் கட்சியின் தேர்தல் அலுவலகத்தில் கொடுத்தேன். 'கண்மாயை அடுத்த ஆடிக்குள் தூர்வாருவேன்.' இந்த ஒரு வரிக்காகத்தான் எழுதவே ஒப்புக்கொண்டது. பசுவந்தனைதான் எங்கள் ஊர்; கண்மாய் முழுக்கக் கருவேல். அப்பா ஆடுகளைத் தண்ணீருக்கு இரண்டு மைல் பத்திப் போகிறார்.

கட்சிச் செயலாளர் அந்த வரியை அடித்துவிட்டார். "'வேன்'னு போட்டா பின்னால மாட்டிக்கிடுவோம் டீச்சர். 'தூர்வாரப்படும்'னு போடுங்க. கம்பீரமா இருக்கும்."

யார், எப்போது, இரண்டும் போயிற்று. செயப்பாட்டுவினை நடத்துகிறவள் நான். மாற்றியும் கொடுத்தேன். த்தூ.

பங்குனி 21, சனி
பசுவந்தனைக் கூட்டம். மேடைக்குப் பின்னால் நின்றேன். 'வணக்கத்துக்குரிய பெரியோர்களே' என்று தேனாக ஆரம்பித்தார் வேட்பாளர். நான் எழுதிய 'வேண்டுகிறேன்' எல்லாம் அவர் வாயில் 'ஆணையிடுகிறேன்'. ஓட்டுக் கேட்க வந்தவர் ஆணையிடுகிறார்! அதற்குக் கைதட்டல் வேறு.

"கண்மாய் தூர்வாரப்படும்!"

கூட்டத்துக்குள் ஒருவர் எழுந்தார். அப்பா.

"யாரு வாருவா அண்ணாச்சி? என்னைக்கு?"

மைக்கில் வேட்பாளர்: "ஏலே ஆட்டுக்காரா, உக்காருலே! தலைவன் பேசும்போது என்ன கேள்வி?"

அப்பாவுக்கு எழுபது. அவனுக்கு நாற்பத்தைந்து இருக்குமா? கூட்டம் சிரித்தது. அப்பா உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மாற்றி எழுதியபோது வந்ததைவிடப் பெரிய வெட்கம்.

பங்குனி 22, ஞாயிறு
கேஸ்கெட் வாங்கவில்லை. ஊருக்குப் போனேன். அப்பா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"அவன் ஏலேன்னது கெடக்கட்டும். ஏட்டி, அந்தப் பேச்சு நீ எழுதுனதுதான? பதிலும் எழுதிக் குடுத்திருப்பன்னு நெனச்சுத்தான் எந்திரிச்சேன்."

எழுந்து அவருக்குச் சோறு போட்டேன்.

மதியம் செயலாளர் போன். கூட்டத்தில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறதாம். "அவிய ஒங்க அப்பாவாமே! நாளைக்கு ஓட்டப்பிடாரம் மேடைக்குக் கூட்டிட்டு வாங்க. அண்ணன் பொன்னாடை போத்துவாவ. 'அப்பா மாதிரி, உரிமையில பேசிட்டேன்'னு நாலு வரி எழுதிருங்க டீச்சர்."

உரிமை! யார் கொடுத்த உரிமை? எழுத முடியாது என்றேன். "நாளைக்குள்ள யோசிங்க" என்று வைத்துவிட்டார்.

பங்குனி 23, திங்கள்
காற்றே இல்லை. அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. கம்பைச் சுவரில் சாத்திவிட்டு யோசித்தார்.

"வாரேன். மைக்கு குடுப்பாவளான்னு கேளு."

போன் போட்டுக் கேட்டேன்.

"மைக்கு எதுக்கு டீச்சர்? கும்பிட்டு நின்னாப் போதும்."

"மைக் இல்லன்னா அவிய வரல. ஒங்களுக்கு இனிமே நானும் எழுதல."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா நல்லாருக்காது."

"நானே சொல்லுதேன்." வைத்துவிட்டேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "கூட்டம் எத்தன மணிக்கு?"

ஐந்துக்கு. பஸ் நாலேகாலுக்கு. ஆடுகளைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லியாயிற்று. இந்த முறை கூட்டத்துக்குள்ளிருந்து இரண்டு பேர் எழுந்து கேட்போம்.