நான் சொல்லாத பெயரும் நானா வீட்டுச் சேவலும்

அன்புள்ள இஞ்சாருங்கோ,

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் உங்களைக் கூப்பிட்டது இப்படித்தான். ஆகவே கடிதத்தின் தலையிலும் இதையே வைக்கிறேன். வாசிக்கிற மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், எனக்குச் செய்தி சொல்லுகிற அவசரம். நேற்றுப் பின்னேரம் கிண்ணியாவில் எங்கள் ஷோ நடந்தது! உங்கள் கறுப்புக் கோட்டை வெட்டிச் சிறிதாக்கி, சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, நானே மேடையில் நின்று வித்தை காட்டினேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் இவளுக்கு மேடை கேட்கிறதோ என்று ஊர் கதைக்கத்தான் செய்கிறது. கதைக்கட்டும். எனக்கு வேறு வழி வைத்தீர்களா நீங்கள்? ஒரு வித்தைக்காரர் கண்மூடினால் அவருடைய சாமான்கள் அவர் செய்தபடியே செய்யக்கூடியவருக்குத்தான் போகவேண்டும் என்று உங்கள் ஐந்து பேர் சங்கத்தில் விதி போட்டது யார்? மூதூரிலிருந்து சங்கத்து ஆள் ஒருவர் வந்து பெட்டியை நூல் பிடித்து அளந்துவிட்டே போனார். துறைமுக டொக்யாட்டில் தச்சுவேலை முடிந்து வந்து, சாமம் சாமமாக நீங்கள் இழைத்த பெட்டி. என் பாதிச் சீவியத்தை நான் குந்தியிருந்து கழித்த பெட்டி. அதை இன்னொருத்தர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதை நான் படலையில் நின்று பார்க்கவேண்டுமா?

சங்கத்துக்கு இப்போது உங்கள் சிறுவயதுச் சிநேகிதர், எனக்கு அண்ணன் மாதிரியான காதர் நானாதான் தலைவர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"தங்கச்சி, ஒரு ஷோ தாறன்" என்றார். "எங்கட கிண்ணியாப் பள்ளிக்கூட மண்டபத்தில. அவர் செஞ்சபடியே செய்யணும். ஒரு சொல்லுக்கூட மாறக்கூடாது. மாறினா பெட்டி மூதூருக்குத்தான். நானும் ஒண்டும் செய்ய ஏலாது."

"அவரிட பாணி அவருக்கு, நானா. என்ரை வாய் வேற, என்ரை கை வேற."

"விதி இல்லாட்டி வித்தையே இல்ல புள்ள. ஒராள் மேடையில வாயை விட்டு இரகசியத்தை உளறினா, மத்த நாலு பேரும் பிறகு என்னத்தைக் காட்டுற?"

அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியும், இந்த வழக்கு எங்கள் வீட்டுக் குசினியில் எத்தனை தரம் நடந்திருக்கிறது என்று. துறைமுகத்தில் வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் கப்பல்காரன் ஒருவன் சொல்லித்தந்த விதிகள். செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லாதே, ஒரே சபைக்கு ஒன்றை இரண்டாம் முறை காட்டாதே, தொழிலின் இரகசியத்தை விடாதே. அவன் கப்பலேறிப் போய்விட்டான். நீங்கள் அவனைவிட இறுக்கமாக அதைப் பிடித்துக்கொண்டீர்கள்.

ஈச்சிலம்பற்றில் நான் பெட்டிக்குள் தும்மியது நினைவிருக்கிறதா? நீங்கள் பெட்டி வெறுமை என்று திறந்து காட்டி மூடியிருந்தீர்கள். அந்த நேரம் பார்த்து என் மூக்கு! சபை விழுந்து விழுந்து சிரித்தது. நான் வெளியே வந்தபோது அன்றைக்குப்போல ஒருநாளும் கைதட்டியதில்லை. நீங்களோ திரும்பும் வழியில் மூதூர் தாண்டும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்கள்.

"பெட்டிக்குள்ள ஆள் இல்லை எண்டு சனம் நம்பியிருக்கேக்க நீர் தும்முறீர்!"

"சனம் அதுக்குத்தானே கூடக் கைதட்டினது?"

"அது வித்தைக்குத் தட்டின கை இல்லை. உம்மட மூக்குக்குத் தட்டினது."

இன்றைக்கும் அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது, கேட்கத்தான் நீங்கள் இல்லை.

சரி, பெட்டிக்காக உங்கள் வழிக்கே வந்தேன். வளையம், முட்டைப் பை, கடைசியில் பெட்டி எல்லாவற்றையும் நீங்கள் செய்தபடியே பழகினேன். பெட்டிக்குள் எனக்குப் பதிலாக எங்கள் வெள்ளைப் பேட்டுக்கோழி. இருட்டில் விட்டால் கப்சிப் என்று படுத்துக்கொள்ளும், என்னைவிட ஒழுக்கமான உதவியாளர். எல்லாம் பாடம். ஒன்றே ஒன்று மட்டும் பாடம் இல்லை.

பெட்டி திறக்கும் முன் நீங்கள் ஒரே ஒரு சொல் சொல்வீர்கள். மந்திரக் கோலைத் தூக்கி, மெதுவாக, உங்கள் சொந்தப் பெயரை. அந்தப் பெயரைக் கேட்டதும்தான் பெட்டி திறக்கும். உள்ளே இருந்த எனக்கும் அதுதான் அடையாளம். இத்தனை வருடமும் இருட்டுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு அந்தப் பெயருக்காகவே காத்திருந்திருக்கிறேன். ஆனால் நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்சாதி சொல்லியிருக்கிறாள்? ஆஸ்பத்திரியில் புருஷன் பெயரைக் கேட்டபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரிதானே சொன்னாள். வீட்டில் பழகும்போது அந்த இடம் வந்தால் "ம்" என்று ஒரு முனகல் போட்டுவிட்டுப் பெட்டியைத் திறப்பேன். மேடையேறினால் தானாக வாயில் வந்துவிடும் என்று நினைத்தேன். என்ன நினைப்பு பாருங்கள்!

ஆளையும் வண்டியையும் ஏற்றுகிற மிதவைப் பாதை வந்து துறையில் தட்டியதும் பெட்டியை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனோம். காதர் நானா கரையிலேயே நின்றார். கோழியைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இது என்ன சோகை புடிச்ச பேடு? மேடைக்கு எடுப்பா இராது. எங்கட ஊட்டுச் சேவலைக் கொண்டு வாறன்."

செக்கச் செவேல் என்ற சேவல். அழகன்தான். ஆனால் நீங்கள் எனக்கு மூச்சு முட்டக்கூடாது என்று பெட்டியில் வைத்த அந்தச் சின்ன ஓட்டையால் வெளிச்சம் வந்தால், விடிந்ததென்று நினைத்துச் சேவல்... ஐயோ, இதைச் சொல்லக்கூடாதோ? இதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். வாசிக்கிறவர்கள் மன்னிக்கவேண்டும்.

மண்டபம் நிறைந்து வாசலிலும் சனம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். இஞ்சாருங்கோ, முகங்கள்! எனக்கு இத்தனை வருடமும் கைதட்டல்தானே தெரியும், முகம் தெரியாதே. முட்டை பைக்குள் மறைந்தபோது முன்வரிசையில் ஒரு மனிசி தன் மடியைத் தடவிப் பார்த்தாள். இதையெல்லாம் நீங்கள் மட்டும் தனியப் பார்த்து அனுபவித்தீர்களே என்று எனக்குப் பொறாமையே வந்தது.

கடைசியில் பெட்டி. திறந்து காட்டினேன், வெறுமை. மூடினேன். கோலைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன்.

வரவில்லை.

உங்கள் பெயர் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது. திரைக்குப் பக்கத்தில் காதர் நானா வாயசைத்துக் காட்டுகிறார். பார்த்தால் தெரிகிறது, சொல்ல ஏலவில்லை. "ம்" என்று முனகிவிட்டுத் திறக்கலாமா? திறந்தால் ஒரு சொல் குறைந்துவிடும், பெட்டி மூதூருக்குப் போய்விடும்.

அந்த நேரம் வெறும் பெட்டிக்குள்ளிருந்து "கொக்கரக்கோ!"

மண்டபம் இடிந்து விழுகிற சிரிப்பு. நானா தலையில் கையை வைத்துவிட்டார். போச்சு என்று நினைத்தேன். பிறகு ஈச்சிலம்பற்றுத் தும்மல் ஞாபகம் வந்தது, எனக்கும் சிரிப்பு வந்தது. போகிறது போகட்டும், என் வாயாலேயே போகட்டும் என்று முன்னுக்கு வந்து நின்றேன்.

"கேட்டீங்களோ? உள்ள இருக்கிறவருக்கு அவசரம். ஆனா பெயர் சொல்லாமல் இந்தப் பெட்டி திறவாது. அது என்ரை மனிசன்ரை பெயர். நான் சொல்ல ஏலாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே? எனக்காக நீங்கள் சொல்லுங்கோ!"

ஊர் ஊராக வித்தை காட்டிய உங்கள் பெயர் கிண்ணியாவில் யாருக்குத் தெரியாது? முதலில் பெண்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது. அவர்களுக்குத்தானே என் பாடு தெரியும்! தங்கள் புருஷன்மாரின் பெயரைச் சொல்லாத அத்தனை பேரும் என் புருஷனின் பெயரைக் கூவினார்கள். பிறகு முழு மண்டபமும். நீங்கள் தனியே, மெதுவாகச் சொல்லிவந்த பெயரை இத்தனை பேர் சேர்ந்து கூப்பிட்டதை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெட்டியைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை.

"காணாது! இன்னொருக்கா!" என்றேன்.

ஒன்றை இரண்டாம் முறை செய்யாதே என்ற விதியும் போயிற்று. சேவலுக்கு முதல் தரமே போதும். எனக்குத்தான் காணவில்லை. அந்த இரண்டாம் தரம் எல்லாருக்கும் மேலாக ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். காதர் நானா! சிறு வயதில் அவர் கடற்கரையில் உங்களைக் கூப்பிட்டது அப்படித்தான் இருந்திருக்கும், கழுத்து நரம்பு புடைக்க, கண்ணால் தண்ணீர் ஓட.

திறந்தேன். சேவல் செட்டையடித்து வெளியே பாய்ந்தது. உள்ளே சேவல் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவர்கள் எழும்பி நின்று தட்டிய கை இருக்கிறதே! அது என் மூக்குக்குத் தட்டியது இல்லை, இஞ்சாருங்கோ.

சாமான் கட்டும்போது நானா வந்து நின்றார். நான் முந்திக்கொண்டேன்.

"பெட்டியை எப்ப மூதூருக்கு அனுப்புறது, நானா?"

அவர் பெட்டியின் மூடியைத் தடவினார்.

"விதியை எழுதித்தான் வச்சிரிக்கம். பெட்டிக்கு முன்னால அவர்ர பெயரைச் சொல்லணும். சொல்லியாச்சி. ஆர் சொல்லணும் எண்டு அதில இல்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பெட்டி ஒங்கட ஊட்டயே கெடக்கட்டும். ஆனா இண்டையில இருந்து புது விதி. இந்தப் பெட்டிக்கு அந்தப் பெயரைச் சபைதான் சொல்லணும். நீங்க வாயைத் திறக்கப்படாது. மாத்தினா நான் பொல்லாதவன்!"

பார்த்தீர்களா? என் பாணியையும் விதியாக்கிவிட்டார்! அசல் உங்கள் சிநேகிதர்தான்.

திரும்பும்போது பாதையில் நின்ற சனம் என் பெட்டியைக் கண்டு உங்கள் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தது. பெட்டி திறக்கவில்லை என்று எனக்கு ஏச்சும் விழுந்தது. அடுத்த ஷோ கிளிவெட்டியில். வெள்ளைப் பேட்டுக்குப் பதவி போய்விட்டது, சேவலை நானா எனக்கே தந்துவிட்டார்.

உங்கள் விதிகளில் எதை வைப்பேன், எதை உடைப்பேன் என்று வாக்குத் தரமாட்டேன். நானாவின் புது விதியை மட்டும் உயிருள்ளவரை காப்பேன். ஊர் ஊராகப் பெட்டியைக் கொண்டுபோய், இருட்டுக்குள் நான் மட்டும் காத்திருந்த அந்தப் பெயரை எல்லார் வாயாலும் சொல்லவைப்பேன். அங்கே எங்காவது இருட்டுக்குள் குந்தியிருந்தால் காதைத் தீட்டிக்கொண்டிருங்கள். உங்களைத்தான் கூப்பிடுகிறோம்.

இப்படிக்கு,
கடைசிவரைக்கும் உங்கள் பெயர் சொல்லாத,
உங்கள் பெண்சாதி