மூன்றும் ஒரே சிடியில்

28 ஆகஸ்ட், புதன்

விடிந்ததிலிருந்து மழை. காஜா பெராங் சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு.

தெங்கேரா கிளினிக்கிலிருந்து பாத்திமா அக்கா போன். அங்கே மருந்து கொடுப்பவர். "மேகலா, லேபல்ல புள்ளி விழ மாட்டேங்குதும்மா. டாக்டர் 2.5 மில்லின்னு போட்டா 25னு அடிக்குது. பிள்ளைங்க சிரப்பு! நான் பேனாவுல திருத்தித் திருத்திக் கொடுக்குறேன்."

என்னிடம் வேலை பழகும் தேவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

மதியத்துக்குள் தேவன் பிழையைப் பிடித்துச் சரிசெய்துவிட்டான். ஆனால் அனுப்ப முடியாது. நோயாளி பதிவு, மருந்து, பில். கிளினிக்குகளுக்கு நாங்கள் எழுதித் தரும் மூன்று புரோகிராமும், கணினியில் ஏற்றும் ஒரே இன்ஸ்டாலரில், ஒரே சிடியில். போட்டால் மூன்றும் மாறும். பில் இப்போது பிரித்துப் போட்ட சைக்கிள் மாதிரிக் கிடக்கிறது. முடிய வாரக்கணக்கில் ஆகும்.

மருந்தை மட்டும் தனியாக அனுப்பலாமா என்று பாஸ் நாதனிடம் கேட்டேன். "பில் முடியட்டும் லா. கிளினிக்குக்கு கிளினிக் வேற வேற வெர்ஷன் நம்பர் இருந்தா போன் வந்தா எவன் பதில் சொல்றது?"

வாங்க வேண்டியவை: முட்டை, சோப்பு, குடை.

29, வியாழன்

ஜொகூரிலிருந்து குமார் போன். கல்யாணமான நாளிலிருந்து அவர் அங்கே, நான் இங்கே. "எப்பதான் வருவ?"

ராஜினாமாக் கடிதத்தை பாஸ் இரண்டு முறை திருப்பித் தந்துவிட்டார். மூன்றையும் சேர்த்து இன்ஸ்டாலர் கட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எது மாறினாலும் நான் வேண்டும். "அடுத்த அப்டேட் முடிஞ்சதும்" என்றேன். போன மாதமும் இதையேதான் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

பாத்திமா அக்கா மறுபடி. மகளுக்குப் பிரசவம், திங்கள் முதல் லீவு. "புதுப் பொண்ணு வர்றா. சொல்லித்தான் வெக்கிறேன். கூட்டம் நெரிஞ்சா மறந்துருவாளேம்மா."

திங்களுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

30, வெள்ளி

பாஸிடம் கேட்காமல் ஆரம்பித்தேன். மருந்துக்கு மட்டும் தனி இன்ஸ்டாலர். ஆபீசில் சும்மா இருக்கும் கணினியில் போட்டுப் பார்த்தோம். மருந்து சரி. பில் திறக்கவே இல்லை.

காரணம், மூன்றும் சேர்ந்து பயன்படுத்தும் பொதுக் கோப்பு. புது மருந்து புரோகிராம் உள்ளே வரும்போது பழையதை அழித்துவிட்டுத் தன்னுடையதை வைக்கிறது. பழைய பில்லுக்கு அது ஒத்துவரவில்லை.

தேவன்: "அக்கா, ஆளுக்கொண்ணு கொடுத்துட்டா என்ன? இடம்தான் கொஞ்சம் போகும்."

அதேதான். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர், தன் கோப்பு தன்னிடம், தனி வெர்ஷன் நம்பர். ஒன்று மற்றதைத் தொடக்கூடாது. நோயாளி விவரங்கள் மட்டும் பொது, அதில் எந்த இன்ஸ்டாலரும் கை வைக்காது.

தேவனையே கட்டவைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதோடு சரி. கை துறுதுறுத்தது.

31, சனி

மெர்டேக்கா, சுதந்திர நாள். ஆபீஸ் லீவு. தெங்கேரா பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை, பிள்ளைகள் கையிலெல்லாம் கொடி.

கிளினிக் காலையில் மட்டும். கடைசி நோயாளி போனதும் சிடியைப் போட்டேன். மருந்து ஏறியது. பில்லைத் திறந்தேன். வெள்ளைத் திரை. அப்படியே நின்றது. பாத்திமா அக்காவின் உதடு மட்டும் அசைந்தது.

திறந்தது.

லேபல் அடித்தோம். 2.5. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அல்ஹம்துலில்லா. இனி நிம்மதியா போயி பேரப்பிள்ளையப் பாப்பேன்."

திரும்பும் வழியெல்லாம் சந்தோஷம். வீட்டுக்கதவைத் திறந்ததும் பயம். திங்கட்கிழமை பாஸ்.

2 செப்டம்பர், திங்கள்

டாக்டரே போன் செய்து நன்றி சொல்லிவிட்டாராம். பாஸ் முகம் சிவந்திருந்தது. "என்னைக் கேக்காம ஏன் செஞ்ச?"

"கேட்டேன் பாஸ். புதன்கிழமை."

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "சரி. எல்லா கிளினிக்குக்கும் இதே மாதிரி பிரிச்சுக் கொடு. அதுக்கப்புறம் உன் லெட்டரப் பாக்கலாம்."

இன்னொரு அதுக்கப்புறம். பூட்டை உடைத்தவளிடமே சாவிக்கொத்தைக் கொடுத்து உள்ளே உட்காரவைத்த மாதிரி.

"தேவனுக்குத் தெரியும் பாஸ். தெங்கேராவுக்குப் போனது அவன் கட்டினது."

"தெரியுமாடா?"

தேவன் தரையைப் பார்த்தான். "கொஞ்சம் தெரியும் பாஸ்."

கடிதத்தை மூன்றாம் முறையாக மேசையில் வைத்தேன். பாஸ் எடுக்கவுமில்லை, திருப்பித் தரவுமில்லை.

3, செவ்வாய்

வெயில். புக்கிட் காதில் ஊர்க் கிளினிக்குக்குப் பிரித்த சிடிகளோடு தேவன் தனியாக.

பத்து மணிக்கு மேல் போன். "அக்கா, பதிவு திறக்க மாட்டேங்குது. வர்றீங்களா?"

பையை எடுத்தேன். வாசல் வரை போய்த் திரும்பி உட்கார்ந்தேன். "திரையில என்ன எழுதியிருக்கு? படி."

படித்தான். பாதியில் நிறுத்தினான். "இருங்க… ஃபோல்டர் தப்பு. எனக்குப் புரிஞ்சிருச்சு." வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் போன் வரவேயில்லை. சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்தேன். பாஸ் அறைக்குப் போனேன். கடிதம் டீ கிளாசுக்கு அடியில். எடுத்து நீட்டினேன்.

"பில் முடியிற வரைக்கும் இருக்கமாட்டியா?"

"இல்ல பாஸ்."

போட்டார் கையெழுத்து. ஜொகூர் பஸ் ஞாயிறு காலை. இருந்த ஒரே பெட்டியும் குமாரிடம். துணியை அரிசிச் சாக்கில்தான் கட்ட வேண்டும்.