குதிரைக்குப் பல் மருத்துவம் உண்டு, மேவுக்கு இல்லை

அனுப்புநர்:
லெனோர் பிராட்டன்,
வேதியியலாளர், குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்,
ரீனோ, நெவாடா மாநிலம்.

பெறுநர்:
உரிம அலுவலர் அவர்கள்,
இளையோர் உறைவிட சிகிச்சைப் பள்ளிகள் பிரிவு,
சால்ட் லேக் சிட்டி, யூட்டா மாநிலம்.

பொருள்: லான்டர்ன் மெசா பெண்கள் உறைவிட சிகிச்சைப் பள்ளியில் இருக்கும் என் தங்கை மகள் மேவ் (வயது பதினாறு) என்பவளின் வாயை ஒரு பல் மருத்துவர் திறந்து பார்க்க ஆவன செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஒரு பெண்ணுக்கு உண்மையிலேயே பல் வலிக்கிறதா, இல்லை வலிப்பதாக நடிக்கிறாளா என்பதை, அவள் வாயைத் திறந்து பார்க்காமலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் தண்ணீரைப் பரிசோதிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. லான்டர்ன் மெசா பள்ளியாருக்கு வேறு வழி தெரிந்திருக்கிறது. அதைப் பற்றியதே இம்மனு.

1. மேவ் இப்பள்ளியில் சேர்க்கப்பட்டது சென்ற மே மாதம். வகுப்புக்குப் போகாமல் இருந்தாள், இரண்டு முறை ஜன்னல் வழியே வெளியேறினாள், மின்சிகரெட் பிடித்தாள். இவை எதையும் நான் மறுக்கவில்லை. இவற்றோடு, யார் எது சொன்னாலும் அதற்கு ஒரு கேலி வைத்திருப்பாள். பள்ளியின் சேர்க்கைக் குறிப்பில் இது 'நகைச்சுவையைக் கேடயமாகப் பயன்படுத்தும் நோய்க்கூறு' என்று எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் இதற்கு இதுவரை பெயர் இருந்ததில்லை. தொல்லை என்று மட்டும் சொல்வோம்.

2. அவளுடைய சட்டப்படியான காப்பாளர் என் தங்கை கோரின். மேவின் தந்தை அலாஸ்காவில் இருப்பதாகக் கேள்வி, கையெழுத்துக்கும் அகப்படமாட்டார். நான் பெரியம்மா மட்டுமே. சட்டத்தின் கண்ணில் பெரியம்மா என்பவர் பிறந்தநாளுக்குப் பரிசு அனுப்பும் ஒரு நபர் என்பதைத் தங்கள் அலுவலகம் தொலைபேசியில் எனக்கு விளக்கிவிட்டது. எனவே அதை மீண்டும் விளக்கும் சிரமம் தங்களுக்கு வேண்டாம்.

3. இப்பள்ளியில் படிகள் உண்டு. ஒன்றிலிருந்து ஐந்து வரை. நன்னடத்தைக்குத் தரும் புள்ளிகளைச் சேர்த்து மேலே ஏற வேண்டும். முதற்படியில் இருப்பவர்கள் அனுமதி இல்லாமல் பேசக் கூடாது, ஜன்னலுக்கு வெளியே பார்க்கக் கூடாது, ஒவ்வொரு வாசலிலும் நின்று "கடக்கலாமா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே கடக்க வேண்டும். இரண்டாம் படிக்கு வந்தால் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசலாம். மேவ் ஐந்து மாதங்களாக முதற்படியிலேயே இருக்கிறாள். ஒவ்வொரு முறையும் மேலே ஏறப்போகும் நேரத்தில் யாராவது அவளிடம் ஏதாவது கேட்டுவிடுகிறார்கள், அவளும் பதில் சொல்லிவிடுகிறாள்.

4. செப்டம்பர் கடைசியில் நடந்த குடும்ப வாரத்துக்குத் தங்கையோடு நானும் போனேன். பெற்றோரும் உறவினரும் உடற்பயிற்சிக் கூடத்தில் வட்டமாகத் தரையில் உட்காரவைக்கப்பட்டோம். ஆளுக்கொரு தலையணை தரப்பட்டது. அந்தத் தலையணைதான் குழந்தைப் பருவத்து நாமாம். அதைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். டெக்சாஸிலிருந்து வந்திருந்த ஓர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி தம் தலையணையிடம் தேம்பித் தேம்பி அழுதார். நான் என் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டேன், தரை குளிர்ந்திருந்ததால். ஆலோசகர் ப்ரின்லி என்னை 'எதிர்ப்பு நிலை' என்று அறிவித்து, மற்ற பெரியவர்கள் முன்னிலையில் முதற்படிக்கு இறக்கினார். ஆம் ஐயா, என்னையும். அன்று மதியம் கழிவறை வாசலில் நின்று "கடக்கலாமா?" என்று கேட்டேன். ஊழியர்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சற்று நேரம் காத்திருந்துவிட்டுக் கடந்தேன். இந்த மீறலுக்காகப் பள்ளி என்மீது நடவடிக்கை எடுக்க விரும்பினால் ஒத்துழைக்கிறேன்.

5. அன்று பிற்பகல் குதிரைக் கொட்டிலில் மேவைப் பார்த்தேன். அங்கே பெண்கள் குதிரை தேய்ப்பதும் சிகிச்சையில் சேர்த்தி. அவளுடைய வலது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. ஊழியர் அப்பால் திரும்பிய நேரத்தில் அவள் என்னிடம் சொன்னதை அவள் சொன்னபடியே தருகிறேன்: "பெரியம்மா, மூணு வாரமா கடவாப் பல்லு கொல்லுது. போன வாரம் இந்தப் பிஸ்கட்டுக்குப் பல் ராவ டாக்டர் வந்தாரு. பிஸ்கட்டுன்னா இந்தக் குதிரை. ஊசி போட்டு, லைட் அடிச்சுப் பார்த்து, ராஜ மரியாதை. நான் தப்பான பிரிவுல சேர்ந்துட்டேன்."

6. விசாரித்ததில் மேலும் ஒன்று தெரிந்தது. அந்தக் கால்நடை மருத்துவர் குதிரையை முடித்துவிட்டுப் பையை மூடும்போது மேவ் தன் வாயையும் திறந்து காட்டியிருக்கிறாள். அவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "அடேயப்பா! இதுக்கு நான் ஆள் இல்லம்மா. உடனே மனுஷ டாக்டர்கிட்ட போ" என்று சொல்லியிருக்கிறார். ஊழியரிடமும் சொல்லிவிட்டே போயிருக்கிறார். இவ்வளவு காலத்தில் அவளுடைய வாய்க்குள் பார்த்த ஒரே மருத்துவர் அவர்தான். அதன் விளைவு: 'வெளியாரிடம் அனுதாபம் தேடுதல்' என்ற வகையில் மேவ் தன்னிடம் இருந்த புள்ளிகளையும் இழந்தாள். பிஸ்கட் நலமாக இருக்கிறது.

7. இயக்குநர் திரு. லாமர் ஜென்ட்ரியை நான் நேரில் கண்டு பேசினேன். மரியாதையாகவே பேசினார். நாற்காலி தந்தார், எலுமிச்சைச் சாறு தந்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "அவளுக்கு வலிக்கிறது பல்லு இல்லைங்க மேடம், பொறுப்பு. பொறுப்பு முளைக்கும்போது அப்படித்தான் வலிக்கும்" என்றார். பக்கத்தில் இருந்த ப்ரின்லி, "வலின்னு சொல்றது அவளோட பழைய பழக்கம். நாங்க அதுக்குத் தீனி போட மாட்டோம்" என்றார். ப்ரின்லி கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு இருபத்து நான்கு வயது. சொல்லிக்கொடுத்ததை மனதார நம்புகிறார். பல்லைப் பார்க்கலாமே என்று கேட்டேன். பார்த்தால் அவள் ஜெயித்ததாகிவிடுமாம்.

8. பெற்றோருக்குத் தரும் கையேட்டில் ஒரு பக்கம் முழுவதும் எச்சரிக்கை உண்டு. உங்கள் பிள்ளை உணவு சரியில்லை என்பாள், உடம்பு சரியில்லை என்பாள், ஊழியர் கடுமையாக நடத்துகிறார்கள் என்பாள். மூன்றும் உங்களை வசப்படுத்தும் தந்திரங்கள். நம்பிவிடாதீர்கள் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் 'ஈயம் இருக்கிறது' என்று சொல்லும் கருவி எங்கள் கூடத்தில் இருந்தால் அதைத் தூக்கி எறிவோம். இங்கே அதை வைத்துப் பள்ளி நடத்துகிறார்கள். என் தங்கை முட்டாள் அல்ல. பயந்துபோயிருக்கிறாள். வீங்கிய கன்னத்தை அவளும் பார்த்தாள். திரும்பி வரும் வழியில், "அக்கா, இப்படித்தான் சொல்வாங்கன்னு புத்தகத்துல முன்னாடியே போட்டிருக்கு. அவ சொன்னதும் நான் ஓடினா, இத்தனை மாசமும் வீண்தானே?" என்றாள். கன்னம் எப்படித் தந்திரம் செய்யும் என்று கேட்டேன். வானொலியைச் சத்தமாக வைத்தாள்.

9. இதன் பின் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். பிள்ளைகள் முதலில் பள்ளியிலுள்ள புகார்ப் பெட்டியில் எழுதிப் போட வேண்டும் என்று அன்போடு சொன்னார்கள். அந்தப் பெட்டி இருப்பது மூன்றாம் படிப் பெண்களின் ஓய்வறையில். மூன்றாம் படிக்கு வர வேண்டுமானால் எதைப் பற்றியும் குறை சொல்லாமல் மாதக்கணக்கில் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை என்று திரு. ஜென்ட்ரி பெருமையாகச் சொன்னார். அதை நான் முழுமையாக நம்புகிறேன்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து,

அ) மேவை உடனடியாக ஒரு பல் மருத்துவரிடம், மனிதருக்குப் பார்ப்பவரிடம், அழைத்துச் செல்லுமாறு பள்ளிக்கு உத்தரவிட வேண்டுகிறேன். இதுவே அவசரம். மற்றவை காத்திருக்கலாம், கன்னம் காத்திருக்காது.

ஆ) புகார்ப் பெட்டியை முதற்படிப் பெண்களின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கச் செய்ய வேண்டும்.

இ) வலிக்கிறது என்று சொல்வதற்காகப் புள்ளி குறைப்பதைத் தடை செய்ய வேண்டும்.

ஈ) ஆய்வுக்கு வரும்போது முன்கூட்டித் தெரிவிக்காமல் வர வேண்டும். தெரிவித்தால் பிஸ்கட்டைக் குளிப்பாட்டி, ரிப்பன் கட்டி, தங்கள் கையால் தேய்க்க வைப்பார்கள். அது மிகவும் சாதுவான குதிரை. தாங்கள் வந்த வேலையை மறந்துவிடுவீர்கள்.

நான் இதற்கு முன் யார்மீதும் மனு எழுதியதில்லை. எழுதுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை. இந்த மனுவையும் யாராவது தந்திரம் என்று வகைப்படுத்தக் கூடும் என்பதை அறிவேன். அப்படியே வகைப்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் அவள் வாயைத் திறந்து பாருங்கள்.

இடம்: ரீனோ
நாள்: 17 அக்டோபர் 2024

இப்படிக்கு,
லெனோர் பிராட்டன்

மறுநாள் எழுதிச் சேர்த்தது (18 அக்டோபர், வெள்ளி):

இம்மனுவை இன்று காலை அஞ்சலில் சேர்ப்பதாக இருந்தேன். சேர்க்கவில்லை. நடந்ததை இங்கேயே எழுதுகிறேன்.

காலையில் ப்ரின்லி என் தங்கையை அழைத்தார். நான் அப்போது அவள் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். நானும் கேட்க வேண்டும் என்று கோரின் தொலைபேசியை மேசைமேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். "நல்ல சேதிங்க! மேவ் இரண்டாம் படிக்கு வந்துட்டா. நாலு நாளா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. கேலி இல்லை, கிண்டல் இல்லை. நாங்க எல்லாம் கைதட்டினோம்" என்றார். அந்தப் படிக்குரிய சலுகையாக மேவிடம் தொலைபேசி தரப்பட்டது.

கோரின் மகிழ்ச்சியோடு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். "ம்" என்றாள் மேவ். தூங்கினாயா என்றாள். "ம்." கோரின் மணக்கவிருக்கும் டக் ஒரு கௌபாய்த் தொப்பி வாங்கியிருக்கிறார். அவர் கார் காப்பீடு விற்பவர். குதிரையைப் பார்த்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். கோரின் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு மகளின் கேலிக்காகக் காத்திருந்தாள். அந்தப் பக்கம் எதுவும் வரவில்லை. "நம்ம டக்கு தலையில கௌபாய்த் தொப்பிம்மா" என்று மீண்டும் சொன்னாள். "சரிம்மா. நன்றிம்மா" என்று பற்களுக்கிடையே வந்தது.

கோரின் தொலைபேசியை வைத்தாள். "அக்கா, அவ வாயைத் திறக்கல. திறக்க முடியல அவளால" என்றாள். பிறகு ஒரு காலில் செருப்போடு மற்றச் செருப்பைத் தேடினாள். நான் வண்டியை எடுத்தேன். கையேட்டை அவள் எடுத்துவரவில்லை.

மாலைக்குள் பள்ளியை அடைந்தோம். சிகிச்சை முடியுமுன் மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்வதாகக் கையெழுத்திடுமாறு திரு. ஜென்ட்ரி ஒரு தாளை நீட்டினார். கோரின், "எந்த மருத்துவரோட ஆலோசனைங்க அது? பேரைச் சொல்லுங்க, நான் போய்ப் பேசிக்கிறேன்" என்றாள். அவர் எலுமிச்சைச் சாறு வேண்டுமா என்று கேட்டார். அவள் கையெழுத்திட்டாள்.

மேவுக்கு நல்ல காய்ச்சல் இருந்தது. மாவட்ட மருத்துவமனையில், தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் சீழ் இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அறுத்து வடித்தார்கள், பல்லையும் எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மூச்சு விடுவதே கடினமாகியிருக்கும் என்று அறுவை மருத்துவர் என் தங்கையிடம் சொன்னார். கோரின் அதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். இப்போது மகளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மேவ் தூங்குகிறாள். நாளை எழுந்ததும் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது; எது சொன்னாலும் கேட்டுக்கொள்வோம்.

கோரிக்கை (அ) இனித் தேவையில்லை, அடித்துவிட்டேன். மற்ற மூன்றும் அப்படியே நிற்கின்றன. நாங்கள் மேவைத் தாங்கிப் பிடித்துப் பள்ளியை விட்டு வெளியே கொண்டுவந்தபோது, முற்றத்தில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அங்கே பேச விரும்புகிறவர்கள் கை தூக்கிக் காத்திருக்க வேண்டும். வரிசையின் கடைசியில் நின்ற ஒருத்தி, பதினான்கு வயதுக்கு மேல் இராது, கையைத் தூக்கினாள். ஊழியர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவளை யாரும் பார்க்கவில்லை. நான் வண்டியைத் திருப்பி வாசலைக் கடக்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

லெ. பிராட்டன்