பட்டை மூட்டை வளைவு

பினாங்கு, தை மாதம், 1935

அன்புள்ள செண்பகத்துக்கு முனிரத்தினம் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அத்தையின் முழங்கால் வலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

நான் வேலை செய்யும் மோட்டார் பந்தயத் திடலைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதலில் இது துரைமார் குதிரை ஓட்டிய புல்தரையாம். பிறகு செம்மண் கொட்டி மோட்டார் விட்டார்கள். போன வருஷம் தார் போட்டார்கள். தார் வந்ததும் வேகம் ஜாஸ்தியாகி, கோடி வளைவில் கொடி காட்டியவன் மேல் வண்டி ஏறிவிட்டது. அவன் இடத்தில்தான் என்னை வைத்திருக்கிறார்கள். பயப்படாதே, இப்போது அங்கே மூட்டைகள் அடுக்கியிருக்கிறது. உள்ளே இருப்பது பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் ஊறித் தீர்ந்த மரப்பட்டை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி மோதி, பட்டையெல்லாம் என் மேல் சரிந்தது. கீறல்கூட இல்லை. ஓட்டிய துரை சிரித்துக்கொண்டே இறங்கினார். நான்தான் எழுந்திருக்கவில்லை. அரக்கோணத்துச் சுந்தரமூர்த்தி ஓடிவந்து, "இன்னாபா, அடி பட்டுச்சா? ஏன் அப்டியே படுத்துனு இருக்க?" என்று உலுக்கினான்.

"ஒண்ணுமில்ல, வர்றேன்" என்றேன்.

அந்தப் பட்டையில் நான் வேலை பார்த்த ஆம்பூர் ஷாப்பின் அதே புளித்த வாசனை, செண்பகம். இங்கே வந்ததிலிருந்து சோறும் தாரும் என் மூக்குக்கு ஒன்றாகத்தான் இருந்தன.

சுந்தரமூர்த்தியின் தம்பி மாசியில் அங்கிருந்து கப்பல் ஏறுகிறான். அவனிடம் கொஞ்சம் ஊறுகாய் கொடுத்தனுப்பு. ஷாப்பு வேலைக்குப் போட்டுப்போன என் பழைய சட்டை, நாற்றம் தாங்காமல் வெளியே மாட்டச் சொல்வாயே, அதையும் கொடு.

கொடி எடுக்கக் கூப்பிடுகிறார்கள். சட்டையைத் துவைத்துவிடாதே.

முனிரத்தினம்