முதல் படம் மட்டும்

அப்பாவுக்கு மகளின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாகவே இருக்கிறேன்.

நீங்கள் கேட்ட, நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிவப்பு வான்மேகத்தைப் படமெடுக்க ஃபிலிம் தேடிப் போய் எனக்குக் குமட்டலே வந்துவிட்டது. "இதுதாம்மா ரொம்ப வேகமான ஃபிலிம், இருட்டுலயும் சட்டுனு பதியும்" என்று கடைக்காரர் தலையில் கட்டியதில், வானம் குட்டைப் பாசி நிறத்தில் வந்தது. பிறகு நானே விசாரித்து, கேமராவை நெடுநேரம் திறந்து வைத்தாலும் சிவப்பு மங்காத ஒன்றை வாங்கினேன். முதல் படத்தை மட்டும் பகலில் என் அறையில் எடுத்தேன். இரவுப் படங்களில் ஓரம் தெரியாது, அதைப் பார்த்துத்தான் ஃபிலிம் கழுவுகிறவர் எங்கே வெட்டுவது என்று தெரிந்துகொள்வாராம்.

அந்த மனுஷர் தின்றுகொண்டிருந்த எண்ணெய்க் கையாலேயே நெகட்டிவைத் தூக்கிக் காட்டினார்.

"மத்ததுல ஒண்ணுமே விழலைங்க. பாவமேன்னு நல்லா வந்த ஒண்ணையே முப்பத்தாறு காப்பி போட்டுட்டேன்."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேகம் அழகாக விழுந்திருந்தது. அதன் நடுவயிற்றில் கத்தரி போயிருந்தது. மிச்சத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை. த்தூ.

இனி ஃபிலிமை அங்கேயே அனுப்புகிறேன், நம் ஸ்டுடியோக்காரரிடம் நீங்கள் பக்கத்தில் நின்று கழுவி வாங்குங்கள். என் பழைய போர்வையையும் அனுப்பிவையுங்கள்.

வெறும் கடிதமாக அனுப்ப மனமில்லாமல் அறைப் படம் ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான் தெரியும். கூட இருப்பதாக எழுதினேனே இரண்டு தோழிகள், அவர்கள் அன்று வெளியே போயிருந்தார்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. படத்தை அம்மாவிடம் காட்ட வேண்டாம், எண்ணிப் பார்த்துவிடுவாள்.

உங்கள் மகள்