டெமோ வீடு

புதன்கிழமை

தம்பிக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். நீ நலமா என்று கேட்பது முறை, கேட்டதாக வைத்துக்கொள். போனில் என்றால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு இந்த ஐம்பத்திரண்டு வயது வரை அப்படித்தான் நடந்திருக்கிறது. தாளில் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் இந்தத் தபால்.

அண்ணியின் முழங்கால் தேறிவிட்டது. ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். ஆபரேஷன் அன்று நீ வரவில்லை, கடைக்காரன் கையில் பூங்கொத்து கொடுத்தனுப்பினாய். அவள் அதை மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல.

மொட்டைமாடியில் நீ வைத்துக் கொடுத்த காற்றாலையைப் பற்றியது.

ஒன்றரை வருடத்துக்கு முன் நீ அந்த வியாபாரத்தைத் தொடங்கி, வீட்டுக்கு வீடு மாடியில் காற்றாலை என்று விளம்பரத்தாளோடு வந்தபோது, நான் இரண்டு பக்கம் கணக்குப் போட்டுக் கையில் கொடுத்தேன். கல்லூரியில் இருபத்தாறு வருடமாக நான் நடத்துகிற பாடம்தான் அது. காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் தெருவில் காற்று நேராக வராது. சுவரில் முட்டி, தண்ணீர்த் தொட்டியில் மோதி, சுழன்று சுழன்றுதான் வரும். கை நீளத்துக்கு இருக்கும் இறக்கை அதில் திசை தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். கம்பம் அதிர்ந்தால் கூரையும் அதிரும். இவ்வளவும் அந்த இரண்டு பக்கத்தில் இருந்தன.

நீ படித்துவிட்டுச் சிரித்தாய். "அண்ணா, நீங்க பேப்பர்ல பாக்குறீங்க. நான் மாடியில காட்டுறேன்" என்றாய். அண்ணிக்கு உன் அன்பளிப்பு என்று சொல்லி, மறு வாரமே ஆட்களோடு வந்து நட்டுவிட்டுப் போனாய்.

சுற்றியது.

அந்தக் காலையில் நான் காபித் தம்ளரோடு மாடியில் நின்றது உனக்குத் தெரியாது. காபி ஆறிப்போனது. என் கணக்கு எங்கே தவறியது என்று ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டினேன். பிழை கிடைக்கவில்லை. கண் முன்னால் சுற்றுகிறதை இல்லை என்று சொல்ல முடியுமா? அந்த இரண்டு பக்கங்களையும் கிழித்துப் போட்டேன். அதன் பிறகு நடந்த நம் தெருவாசிகள் கூட்டத்தில், யாரும் கேட்காமலே எழுந்து, என் தம்பி சொன்னது சரி, நான் நினைத்தது தவறு என்றேன். வாழ்க்கையில் நான் தவறு என்று எழுந்து நின்று ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான். வீட்டுக்கு வந்ததும் அண்ணி, "இன்னிக்குத்தான் நீங்க ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்க மாதிரி இருக்கீங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

போன வியாழன் மாலை நான்கரைக்குக் கரண்ட் போனது. அன்று நல்ல காற்று. கொடியில் போட்ட துணிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படபடத்தன. அந்தக் காற்றில் உன் காற்றாலை மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிட்டது. பிறகு தலையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பியது. அரைச் சுற்றுச் சுற்றி மறுபடி நின்றது. கரண்ட் வந்ததும் விறுவிறுவென்று சுற்ற ஆரம்பித்தது. மூலைவீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, "என்ன சார், கரண்ட் போனா காத்துக்கும் லீவா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உனக்குப் போன் செய்தேன். "அது சேஃப்டிக்காக அண்ணா, கரண்ட் போனா தானா நின்னுடும்" என்றாய். நம்பினேன். அதில் பாதி உண்மை இருப்பதால் நம்பினேன். நீ எப்போதும் பாதி உண்மையை முன்னால் நிறுத்திவிட்டு மீதியை அதன் பின்னால் மறைப்பவன்.

ஆனால் துணிகள் படபடத்தது கண்ணைவிட்டுப் போகவில்லை. மறுநாள் காலை கைக்கடிகாரத்தோடு மாடியில் உட்கார்ந்தேன். ஓர் இலைகூட அசையவில்லை. பக்கத்து வீட்டுச் சமையலறைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. சரியாக ஏழு மணிக்கு உன் காற்றாலை சுற்றத் தொடங்கியது. ஒன்பதுக்கு நின்றது. மாலை நான்குக்குத் தொடங்கி ஆறுக்கு நின்றது. சனிக்கிழமையும் அப்படியே. ஞாயிறு மட்டும் நாள் முழுவதும் சுற்றியது.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு டைமர். வீட்டு லைனிலிருந்து ஒரு வயர். என் வீட்டுக் கரண்டை உறிஞ்சி, தெருவில் ஆள் நடமாடுகிற நேரம் பார்த்து அது சுற்றிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது காற்றாலை அல்ல, தம்பி. மாடியில் வைத்த மின்விசிறி.

உன் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அவன் கொஞ்சமும் பதறவில்லை. "எல்லா டெமோ வீட்லயும் அப்படித்தான் சார் போடுவோம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்" என்றான். நான் பிள்ளை பெற்று வளர்த்த வீட்டுக்கு உங்கள் கம்பெனியில் டெமோ வீடு என்று பெயர் இருப்பது அவன் சொல்லித்தான் தெரிந்தது.

பள்ளிக் கண்காட்சியில் என் மாதிரிப் பாலத்தில் உன் பெயரை ஒட்டிப் பரிசு வாங்கினாய். அப்போது உனக்குப் பதினோரு வயது, விட்டுவிட்டேன். இந்த முறை நீ என் பாலத்தை எடுக்கவில்லை. என் வாயை எடுத்துக்கொண்டாய்.

என்னோடு போயிருந்தால் இதையும் மனதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

அந்தம்மா உன்னை நம்பி வாங்கவில்லை. "சார் வீட்ல சுத்துது, சார் பொய் சொல்ல மாட்டார்" என்று சொல்லித்தான் வாங்கினார். அவர் வீட்டில் டைமர் கிடையாது, வாங்கியவர்களுக்கு எதற்கு? அதனால் சுற்றவில்லை. என்னிடம் வந்து, "என் ராசி அப்படியா சார்?" என்று கேட்டார். நான் அவர் மாடியில் ஏறிப் பார்த்தேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே உயரம், ஒரே காற்று. அவர் வாசலில் மட்டும் ஒரு பெரிய மரம். மரம் காற்றை மறைக்கிறது என்று, படித்தவன் நான், சொன்னேன். வெட்டச் சொன்னேன்.

வெட்டிவிட்டார், தம்பி. துணி கொடுக்க வருகிறவர்கள் அந்த நிழலில்தான் பெஞ்சு போட்டு உட்காருவார்கள். இப்போது அவர் தைக்கும் அறையில் மதியம் மூன்று வரை வெயில் நேராக விழுகிறது. ஜன்னலில் பழைய போர்வையை ஆணியடித்து மாட்டிக்கொண்டு, விளக்கைப் போட்டு மிஷினில் உட்கார்ந்திருக்கிறார். மாடியில் கம்பம் அதிர்ந்து, அறை மூலையில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். ஆனாலும் நேற்று என்னைப் பார்த்ததும், "காத்து வர்ற மாசம் வரட்டும் சார், என்னதும் சுத்தும்" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வரும் ஞாயிறு பத்து மணிக்குத் தெருவாசிகள் கூட்டம். காற்றாலை வாங்க இருபத்து மூன்று வீட்டார் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள். படிவங்களோடு உன் ஆள் வருவான், நீ வரமாட்டாய், "நீங்க ரெண்டு வார்த்தை பேசினாலே போதும் அண்ணா" என்றாய். பேசத்தான் போகிறேன்.

அந்த டைமரை நான் இன்னும் கழற்றவில்லை. கழற்றினால் தெரு கேட்கும், கேட்டால் சொல்லிவிடுவேன். நீ வந்து சொல்ல உனக்கு நான்கு நாள் வேண்டும் என்பதற்காக விட்டு வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது மணி ஐந்து. தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். திங்கள் வரை நான் தெரியாமல் பொய் சொன்னவன். இந்த நான்கு நாளும் தெரிந்தே சொல்கிறேன். யாருக்காகவும் இதைச் செய்திருக்க மாட்டேன்.

அண்ணிக்கு எல்லாம் தெரியும். நேற்று, "அவன் வந்து நின்னா நீங்க திட்டக் கூடாது" என்றாள். சரி என்றிருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்துவிடு. ஞாயிறு காலை முதலில் தையல்காரம்மா வீட்டுக்குப் போவோம். நான் உன் பக்கத்தில் நிற்பேன். மரத்துக்கு நான் பொறுப்பு என்று நான் சொல்கிறேன். மீதியை நீ சொல். கூட்டத்திலும் நீயே எழுந்து சொன்னால், உனக்குப் பிறகு நான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். நீ வராவிட்டால் நான் சொல்வேன். கம்பெனி என்றோ, வியாபாரி என்றோ எனக்குச் சொல்ல வராது. என் தம்பி இப்படிச் செய்தான் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சொற்களை இரண்டு நாளாகத் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். வாயில் வர மாட்டேன் என்கிறது.

வரும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தால், காதைத் துணியால் சுற்றிக்கொள். எதிர்க்காற்று பட்டால் உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது வலிக்கும்.

உன் அண்ணன்